ஸ்லீவா, பைபாஸா: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: என் மனைவிக்கு வயது 43, உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை. இப்போது இரவில் இன்சுலினும் போடுகிறார். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காக மதுரையில் மூன்று மருத்துவமனைகளில் விசாரித்தோம். ஒன்றில் ஸ்லீவ் போதும் என்கிறார்கள். இன்னொன்றில் பைபாஸ்தான் சரி என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் மினி பைபாஸ். ஸ்லீவுக்குத்தான் விலை குறைவு. இந்த வாரமே முன்பணம் கட்டினால் இன்னும் குறைப்போம் என்று தினமும் போன் செய்கிறார்கள். எதை எடுப்பது? (மேலூர் வாசகர்)

பதில்: முதலில் அந்தப் போனுக்குப் பதில் சொல்லாதீர்கள். இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுக்கும் சிகிச்சைக்கு வாரச் சலுகை கொடுக்கும் இடம், அடுத்த பத்து வருடம் உங்கள் மனைவியைக் கூப்பிட்டுப் பார்க்குமா என்பதுதான் என் கவலை.

எடை, உயரம், சர்க்கரை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தத் தேர்வில் பெரும்பங்கு வகிக்கும் ஒரு தகவலை விட்டுவிட்டீர்கள். அவருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டைவரை எதுக்களிப்பது உண்டா? மூன்று இடங்களில் ஒருவராவது எண்டோஸ்கோபி செய்து பார்த்தார்களா? பார்க்காமலே "ஸ்லீவ் போதும்" என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

காரணம் சொல்கிறேன். ஸ்லீவில் இரைப்பையின் உப்பிய பகுதியை நீளவாக்கில் ஸ்டேப்ளரால் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது என்பதால் பசியும் அடங்கும். குடலைத் தொடுவதில்லை, அதனால் சத்துக் குறைபாடு பைபாஸை விடக் குறைவு. ஆனால் அந்தக் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது மோசமாகலாம், இல்லாதவருக்குப் புதிதாகவும் வரலாம். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்கவும் வழியில்லை.

பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதனுடன் இணைப்பார்கள். மீதி இரைப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. நெஞ்செரிச்சலுக்கு இது நல்ல தீர்வு. ஆனால் இரும்புச்சத்து, கால்சியம், பி12 உடம்பில் சேர்வது குறையும். ஆயுள் முழுக்க மாத்திரை, வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. இனிப்பு அதிகமாகச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் வரும். இன்னொன்று, நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்லாதது: மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதை நிரந்தரமாக விட வேண்டும். குடலை இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும். புகைப்பவர்களுக்கும் இதே ஆபத்து.

மினி பைபாஸில் இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்றுதான், அறுவை நேரம் குறைவு. இந்தியாவில் நிறையவே செய்கிறார்கள். எடையும் சர்க்கரையும் நன்றாகக் குறைகின்றன. ஆனால் பித்தநீர் மேலே ஏற வாய்ப்புண்டு. குடலில் எத்தனை சென்டிமீட்டரைத் தாண்டி இணைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நீளம் கூடக் கூடச் சத்துக் குறைபாடும் கூடும். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டும் பழைய சிலிகான் வளையத்தைப் பற்றி யாராவது பேசினால் கேட்க வேண்டாம். வளையம் நழுவி, மறுபடி அறுவை செய்ய வேண்டியவர்கள் ஏராளம் என்பதால் உலகம் முழுக்க அது வழக்கொழிந்து வருகிறது.

இனி எண்களைப் பார்ப்போம். பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பத்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஸ்லீவ்பாஸ் என்ற அந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022இல் வெளியானது. உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைக்கு மேல் உடம்பில் இருந்த கூடுதல் எடையில் ஸ்லீவ் செய்தவர்கள் 43.5 சதவீதமும், பைபாஸ் செய்தவர்கள் 50.7 சதவீதமும் குறைத்திருந்தார்கள். உங்கள் மனைவியின் கூடுதல் எடை ஏறத்தாழ 43 கிலோ. அந்தக் கணக்கில் பத்து வருடம் கழித்து ஸ்லீவில் 19 கிலோ, பைபாஸில் 22 கிலோ குறைந்திருக்கும். மூன்று கிலோதான் வித்தியாசம். ஆனால் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம் பேருக்கு, பைபாஸ் குழுவில் 7 சதவீதம் பேருக்கு. சர்க்கரை விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அதனால் "எதில் அதிகம் இளைக்கலாம்" என்ற கேள்வியை வைத்து முடிவெடுக்காதீர்கள். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்ணோ, இரைப்பை நெஞ்சுப் பக்கம் பெரிதாக ஏறியிருப்பதோ தெரிந்தால் ஸ்லீவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. உணவுக்குழாய் சுத்தமாக இருந்து, ரத்தசோகையோ வலிமாத்திரை இல்லாமல் முடியாத மூட்டுவலியோ இருந்தால், நான் ஸ்லீவ் பக்கம் சாய்வேன். இரண்டுமே இல்லையென்றால், இன்சுலின்வரை வந்துவிட்ட சர்க்கரையைக் கருதிப் பைபாஸ் பற்றி மருத்துவரிடம் விரிவாகப் பேசுங்கள். மருந்து குறையும் என்று எதிர்பார்க்கலாம். எட்டு வருடச் சர்க்கரை முற்றிலும் போய்விடும் என்று உத்தரவாதம் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

மூன்று வகையையும் தானே செய்து பழகிய அறுவை நிபுணரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ஒரே வகையைச் செய்பவர் அந்த ஒன்றைத்தான் சிபாரிசு செய்வார்.

கேள்வி: பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்கிறார்கள். ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றுக்கும் ஏன் ஒன்றரை லட்சம் வித்தியாசம் வருகிறது? (திருப்பூர் வாசகி)

பதில்: பெரும்பகுதி ஸ்டேப்ளரில் இருக்கிறது. இந்த அறுவையில் இரைப்பையை வெட்டித் தைக்கும் கருவிக்கு ஒவ்வொரு முறையும் புது கார்ட்ரிட்ஜ் போட வேண்டும். ஒரு ஸ்லீவுக்கே ஐந்தாறு ஆகும், எல்லாம் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியவை. விலையைக் குறைக்க எங்கே கை வைக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கம்பெனி ஸ்டேப்ளர், எத்தனை கார்ட்ரிட்ஜ் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ் பெட்டியிலும் பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதை கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று பில்லில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேக்கேஜில் பெரும்பாலும் சேராதவற்றையும் கேளுங்கள்: அறுவைக்கு முந்தைய எண்டோஸ்கோபி, ஐசியூ நாட்கள், தையல் கசிந்தால் மறுபடி திறக்கும் செலவு, முதல் வருடத்து டயட்டீஷியன், ரத்தப் பரிசோதனைகள். அதன்பின் வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரைக்கு மாதாமாதம் ஆகும் தொகையையும் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, இரவு இரண்டு மணிக்கு உடம்பு மோசமானால் அங்கே என்ன இருக்கிறது என்பது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் பதிவை அரசு தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நல்ல இடங்களில் இந்த அறுவையால் உயிரிழப்பது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். அந்த எண் பொருந்துவது முழுநேர மயக்கவியல் நிபுணரும், வென்டிலேட்டர் உள்ள ஐசியூவும், ரத்த வங்கி வசதியும் இருக்கும் இடத்துக்கு. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பணம் பெரிய தடையாக இருந்தால், பெரிய அரசு மருத்துவமனைகளின் இரைப்பை குடல் அறுவைத் துறையிலும் விசாரியுங்கள்.

கேள்வி: ஹெல்த் இன்ஷூரன்ஸில் கிடைக்குமா? ஏஜென்ட் "கிடைக்கும் சார்" என்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: நிபந்தனையோடு கிடைக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த விலக்குப் பட்டியலில் உடல்பருமன் சிகிச்சை "எக்ஸ்க்ளூஷன் 06" என்ற எண்ணில் வருகிறது. அந்த விலக்கு பொருந்தாமல் இருக்க வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்திருக்க வேண்டும். பிஎம்ஐ, அதாவது உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு, 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் இருந்தால், அதோடு இதய நோய், தீவிரத் தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத சர்க்கரை போன்ற ஒன்று இருந்து, மற்ற முறைகளில் எடை குறையவில்லை என்றும் காட்ட வேண்டும். மருத்துவச் சங்கங்கள் 2022இல் ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐயிலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. டாக்டர் "நீங்கள் தகுதியானவர்" என்பதும் கம்பெனி "தகுதி இல்லை" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஏஜென்ட் சொல்லை வைத்துக்கொண்டு அட்மிட் ஆகாதீர்கள். கேஷ்லெஸ் முன் அனுமதி கையில் வந்த பிறகே அறுவைக்குத் தேதி குறியுங்கள்.

கேள்வி: மகளுக்கு வயது 25, உயரம் 160, எடை 68. தை மாதம் கல்யாணம். பலூன் வைத்தால் அறுவை இல்லாமலே இளைக்கலாம் என்கிறார்களே? (கும்பகோணம், ஒரு தாய்)

பதில்: அம்மா, அவர் பிஎம்ஐ 26.6. அறுவை பற்றிய பேச்சே தேவையில்லை. பலூனை எண்டோஸ்கோபி வழியாக இரைப்பைக்குள் வைத்து, வகையைப் பொறுத்து ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ எடுத்துவிடுவார்கள். முதல் சில நாட்கள் வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் கடுமையாக இருக்கும். எடுத்த பிறகு பலருக்கு எடை திரும்புகிறது. 2025இல் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகளும் நிறுத்தினால் அப்படித்தான், கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் அவற்றை முன்கூட்டியே நிறுத்தவும் வேண்டும். அறுவையே செய்துகொண்டவர்களைக்கூட 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். கல்யாணத் தேதிக்காக அந்தப் பெண்ணின் வயிற்றில் எதையும் வைக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு ஸ்லீவ் செய்தேன். அதற்கு முன்பே நெஞ்செரிச்சல் இருந்தது. இப்போது உட்கார்ந்துதான் தூங்குகிறேன். பைபாஸாக மாற்ற மறுபடி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். புகார் செய்யலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மாற்று அறுவை உண்மையிலேயே உங்களுக்கு நிவாரணம் தரக்கூடியது. அதை அதே இடத்தில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் பழைய ஆவணங்களைக் கைப்பற்றுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அதில் இரண்டைத் தேடுங்கள்: அறுவைக்கு முன் எண்டோஸ்கோபி செய்தார்களா, ஒப்புதல் படிவத்தில் நெஞ்செரிச்சல் மோசமாகலாம் என்றும் பைபாஸ் என்ற மாற்று உண்டு என்றும் எழுதியிருக்கிறதா. எந்தச் சிகிச்சை, அதன் ஆபத்து என்ன, மாற்று என்ன என்று போதுமான விவரம் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிக்கல் வந்தது என்பதால் மட்டும் அலட்சியம் ஆகிவிடாது. சொல்லாமல் மறைத்திருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும். கட்டிய தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம்வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம், அதனால் உங்களுக்கு அதுதான் இடிக்கும். பாதிப்பின் காரணம் எப்போது தெரியவந்தது, தாமதத்துக்கு என்ன காரணம் என்று தேதிகளோடு எழுதி, தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்துத் தர வேண்டும். முதல் ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் பேசலாம். வாந்தி விடாமல் தொடர்ந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள், வைட்டமின் பி1 குறைந்து மூளை நரம்புவரை பாதிக்கக்கூடும். புகார் அதன்பிறகு.