தமிழ்நாட்டில் எல்லாக் கடைகளும் இரவு முழுவதும் திறந்திருக்கலாமா?

“பக்கத்துப் பெரிய கடை விடிய விடிய திறந்திருக்கிறது, என் மளிகைக் கடையை மட்டும் ஏன் மூடச் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் கடையின் பரப்பளவு அல்ல, ஆள்கணக்கு.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அரசு ஆணை மூலம் நிர்ணயிக்கலாம். (மூடும் நேரத்தில் காத்து நிற்கும் வாடிக்கையாளருக்காக மேலும் 15 நிமிடம் உண்டு. சட்டத்தை எழுதியவர் கடைத்தெரு பழகியவர் போலும்!) 2019இல் வந்த அரசாணை, 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் இயங்க மூன்றாண்டு அனுமதி தந்தது. 2022இலும் 2025இலும் அது நீட்டிக்கப்பட்டது. எனவே, நீங்களும் ஒரு பையனும் நடத்தும் கடைக்கு அது பொருந்தாது. சிறு கடைக்காரருக்கு இது ஓரவஞ்சனையாகவே எனக்குப் படுகிறது.

பெரிய கடைக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும். வேலை நாளுக்கு எட்டு மணி நேரம். இரவு 8 மணிக்கு மேல் பெண்களைப் பணியமர்த்த அவர்களின் எழுத்துபூர்வச் சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் தேவை.

அடுத்த முறை மூடச் சொன்னால், எந்த ஆணையின்படி என்று பணிவாகக் கேளுங்கள்.