முதல் நன்கொடைக்கும் அடுத்த நன்கொடைக்கும் நடுவில்

கேள்வி: நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். சென்ற ஆண்டு இணையத்தில் நிதி திரட்டியபோது சுமார் 300 பேர் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ரசீதும் நன்றிக் கடிதமும் அன்றைக்கே போய்விட்டன. இந்த ஆண்டு அதே 300 பேரிடம் மறுபடி கேட்டோம். 40 பேர்கூடத் திரும்பி வரவில்லை. எங்கே தவறினோம்? வசூலாகும் தொகையில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு நிதி திரட்டித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அந்த 40 என்ற எண்ணைப் பார்த்து நொந்துபோக வேண்டாம். அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறார்கள். அங்கே முதல் முறை கொடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் அடுத்த ஆண்டு திரும்பி வருகிறார். உங்கள் நிலை அதைவிடக் கொஞ்சம் மோசம், அவ்வளவுதான். அதே கணக்கில் இன்னொரு தகவலும் இருக்கிறது: ஏற்கெனவே ஒரு முறைக்கு மேல் கொடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் அடுத்த ஆண்டும் கொடுக்கிறார்கள். ஆகவே கடினமான படி முதல் நன்கொடை அன்று, இரண்டாவதுதான். உங்கள் உழைப்பு முழுவதும் முதல் படிக்கே போயிருக்கிறது.

இனி அந்த 300 பேர் யார் என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மேற்கொண்டு எதைச் செய்தாலும் வீண். இணைய வசூலில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? உங்கள் தன்னார்வலர் ஒருவர் இணைப்பை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் அனுப்புகிறார். அவர் முகத்துக்காக அவர்கள் கொடுக்கிறார்கள். உங்கள் மையத்தின் பெயரைக்கூடச் சிலர் சரியாகப் படித்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து மையத்தின் பெயரில் ஒரு கடிதம் போனால், யாரோ முன்பின் தெரியாதவர்கள் பணம் கேட்கிறார்கள் என்றுதான் தோன்றும். கொடையாளர்கள் ஏன் நிலைக்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் பேராசிரியர் ஏட்ரியன் சார்ஜன்ட். விலகியவர்களிடம் அவர் காரணம் கேட்டபோது, கையில் பணம் இல்லை, வேறு பணிக்குக் கொடுக்கிறோம் என்ற பதில்களோடு, அந்த அமைப்புக்குக் கொடுத்ததாகவே நினைவில்லை என்ற பதிலும் வந்தது. கோபித்துக்கொண்டு போனவரைச் சமாதானப்படுத்தலாம். மறந்துபோனவரிடம் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். யாருடைய அழைப்பும் இல்லாமல் தாமாக வந்து கொடுத்தவர்கள் ஒரு பக்கம். ஒரு நண்பர் வழியாக வந்தவர்கள் இன்னொரு பக்கம், அந்த நண்பரின் பெயரோடு. முதல் வகையினர் எண்ணிக்கையில் குறைவாக இருப்பார்கள், ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அவர்களுக்குப் போவதில் தவறில்லை. இரண்டாம் வகையினருக்கு நீங்கள் நேரடியாக எழுதாதீர்கள். அவர்களை அழைத்துவந்த தன்னார்வலர் எழுதட்டும்: “நீங்கள் என்னை நம்பிக் கொடுத்தீர்கள், அந்தப் பணம் இப்படிச் செலவானது. மையத்தை நடத்துபவர் இவர், இனி இவரே உங்களுக்குச் செய்தி அனுப்புவார், சம்மதம்தானே?” என்று. இரண்டு மூன்று வரி போதும். இதற்குப் பதில் எழுதுபவர்கள்தான் உங்கள் கொடையாளர்கள் ஆகப்போகிறவர்கள். பதில் எழுதாதவர்களை அந்தத் தன்னார்வலரின் நண்பர்களாகவே விட்டுவிடுங்கள். 300 பேர் கொண்ட பட்டியல் 90 ஆகச் சுருங்கினால் அது இழப்பு இல்லை.

அடுத்தது நன்றிக் கடிதம். உடனே அனுப்பியது சரி, அது அடிப்படை மரியாதை. ஆனால் அது அடுத்த நன்கொடையைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தத் துறையில் பல காலமாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு நம்பிக்கை உண்டு: கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னால் அடுத்த முறை நிச்சயம் கொடுப்பார் என்று. ஆன்யா சமெக், சக் லாங்ஃபீல்ட் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொடுத்தவர்கள் உட்பட லட்சக்கணக்கான கொடையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நன்றி அழைப்பு போனது. அழைப்பு பெற்றவர்களும் பெறாதவர்களும் பின்னாளில் கொடுத்ததில் வேறுபாடு இல்லை. துறை அனுபவசாலிகளோ பெரிய வித்தியாசம் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 2023இல் வெளிவந்தது.

இதைப் படித்துவிட்டு நன்றியே சொல்ல வேண்டாம் என்று முடிவுகட்டக் கூடாது. நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. “நன்றி” என்ற சொல்லில் கொடையாளருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. தான் கொடுத்த பணம் என்ன ஆனது என்பதுதான் அவருக்குத் தெரியாத விஷயம், அதைச் சொல்லுங்கள். ஒரு மாதிரி தருகிறேன். நீங்கள் அனுப்பிய கடிதம் அநேகமாக இப்படி இருந்திருக்கும்: “தங்களின் மேலான ஆதரவுக்கு நெஞ்சார்ந்த நன்றி. தங்களைப் போன்ற நல்லுள்ளங்களால்தான் எங்கள் பணி தொடர்கிறது.” இதில் மையத்தின் பெயரை மாற்றிவிட்டால் எந்த அமைப்பும் அனுப்பலாம். மூன்று மாதம் கழித்து இப்படி ஒன்று போயிருந்தால்?

“ஜூன் மாதம் நீங்கள் கொடுத்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குப் பின்னக் கணக்கு வராது என்று சொல்லியிருந்தோம். வாரம் இரண்டு நாள் கணக்குக்கு மட்டும் ஓர் ஆசிரியரை அமர்த்தினோம். இப்போது பாதிக்கு மேற்பட்டவர்கள் உதவி இல்லாமல் போடுகிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் பெருக்கல் வாய்ப்பாடே தடுமாறுகிறது, அதிலிருந்து தொடங்கியிருக்கிறோம். இதற்குப் பதில் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினோம்.”

இந்தக் கடிதத்தில் பணம் கேட்கும் வரி இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். காரியம் இருந்தால் மட்டும் போன் செய்யும் உறவினரின் எண்ணைப் பார்த்ததும் நாம் எடுக்கத் தயங்குவதில்லையா? கடிதத்தின் அடியில் “இங்கே கொடுக்கலாம்” என்று ஒரு இணைப்பு இருந்தாலே, மேலே எழுதியது எல்லாம் அதற்கான முன்னுரை என்று ஆகிவிடும். இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவில் கோரிக்கை இல்லாத செய்தி குறைந்தது இரண்டாவது போக வேண்டும் என்பது என் அளவுகோல். இது ஆய்வு சொன்ன எண் அல்ல, என் வேலையில் நான் வைத்துக்கொண்ட எண்.

இன்னும் பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறுகிறது என்ற வரியையும் கவனியுங்கள். நடக்காததையும் எழுதினால் கொடையாளர் ஓடிவிடுவார் என்று அறங்காவலர்கள் பயப்படுவார்கள். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளைத் தொகுத்துத் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் வெற்றி என்று எழுதும் அமைப்பைக் கொஞ்சம் விவரமானவர் நம்ப மாட்டார். அதோடு, எல்லாம் சரியாகிவிட்டால் மறுபடி பணம் எதற்கு?

பிள்ளைகளின் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தனி மனிதரின் கதை புள்ளிவிவரத்தைவிட அதிகம் கொடுக்கவைக்கிறது என்பது உண்மைதான். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனைகள் அதைக் காட்டின. அதனாலேயே அழும் முகத்தைத் தேடிப் போகும் ஆசை வரும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் படம் வேண்டாம். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து அந்த இடுகையைப் படித்தால் கூசாமல் இருக்குமா என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள். பெயரும் முகமும் இல்லாமலே ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல முடியும், மேலே உள்ள பின்னக் கணக்கைப் போல.

பரிசுப் பொருள்கள்? காலண்டர், சாவிக்கொத்து போன்றவற்றைத் தவிருங்கள். கொடுத்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னபோது நன்கொடை குறைந்ததாக 2012இல் நியூமன், ஷென் இருவரின் சோதனைகள் கூறின. கோரிக்கைக் கடிதத்தோடு பரிசையும் வைத்து அனுப்பியபோது கொடுத்தவர்கள் கூடினார்கள் என்று ஸ்விட்சர்லாந்தில் ஆர்மின் ஃபால்க் நடத்திய ஆய்வும் உண்டு. அந்தப் பாதையில் போனால் வருவது கடனைத் தீர்க்கும் மனநிலை, நீண்ட உறவு அன்று. சிறிய மையத்துக்கு அந்தச் செலவும் நியாயமில்லை.

இப்போது ஒரு சலிப்பான விஷயம். ஆனால் சிறிய அமைப்புகள் கோட்டைவிடுவது இங்கேதான்: பதிவேடு. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, ஒரு எக்செல் தாள் போதும். பெயர், தொகை, தேதி எல்லோரும் வைத்திருப்பார்கள். அதோடு யார் வழியாக வந்தார், ஏன் கொடுத்தார், எந்த வழியில் தொடர்புகொண்டால் பிடிக்கும், கடைசியாகப் பேசியபோது என்ன சொன்னார் என்ற நான்கு நெடுவரிசைகளைச் சேருங்கள். “என் அம்மா ஆசிரியை, அவர் நினைவாகக் கொடுக்கிறேன்” என்று ஒருவர் சொல்லியிருப்பார். அடுத்த ஆண்டு அந்த நாளுக்கு முன் அதைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினால் அவர் உங்களை விட்டுப் போவது கடினம். “வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்” என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். அதை மறந்து அனுப்பினால் அவர் போவது சுலபம். இதெல்லாம் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் மையத்தை விட்டு விலகும் நாளில் கொடையாளர்களும் அவரோடு போய்விடுவார்கள். பேசி முடித்த அன்றே தாளில் ஏற்றுவது என்பதைக் கட்டாயமாக்குங்கள். அந்தத் தாளை யார் திறக்கலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். பட்டியலை வேறு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது, நல்ல எண்ணத்தோடும் கூடாது. பிரிட்டனில் 2015இல், முதியவர்கள் மீது அறக்கட்டளைகளின் கோரிக்கைக் கடிதங்கள் வந்து குவிவது பெரிய சர்ச்சையானது. முகவரிகள் கைமாறியதும் அதற்கு ஒரு காரணம். அதன் விளைவாக 2016இல் நிதி திரட்டலுக்கென ஓர் ஒழுங்குமுறை அமைப்பே வந்தது. இனி எனக்கு எழுதாதே என்று பொதுமக்கள் பதிவுசெய்யும் வசதி அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

கேட்கவே கூச்சப்படும் அமைப்புகளும் உண்டு. அதுவும் பிழைதான். செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால், இவர்களுக்குப் பணம் தேவையில்லை போலும் என்று கொடையாளர் நினைத்துக்கொள்வார். கேளுங்கள், ஆனால் எல்லோரிடமும் ஒரே கடிதத்தை நீட்டாதீர்கள். சென்ற முறை கொடுத்ததைக் குறிப்பிட்டு, அது எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லி, இப்போது எதற்குத் தேவை என்று கேளுங்கள். இரண்டாம் முறை கொடுத்தவரிடம் மாதாந்திரமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். தொகை சிறியதாக இருந்தாலும் உங்கள் செலவைத் திட்டமிட அதுதான் உதவும். மாதக் கொடையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு: கொடையாளர் நிறுத்தவே நினைக்காதபோதும், அவருடைய வங்கி அட்டை காலாவதியானதும் கொடை நின்றுவிடும். மாதம் ஒரு முறை நின்றுபோன கட்டணங்களைப் பார்த்து, அந்த வாரத்திலேயே கூப்பிட்டுச் சொல்ல ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பணம் அல்லாத எதையாவது கேட்பதும் நல்லது. கணக்குத் தணிக்கை தெரிந்தவரிடம் ஒரு சந்தேகம், ஆசிரியராக இருந்தவரிடம் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு கருத்து. சும்மா பெயருக்குக் கேட்காதீர்கள், சொன்னதைச் செய்தீர்களா இல்லையா என்று திரும்பிச் சொல்ல வேண்டியிருக்கும்.

வராமல் போன 260 பேரை என்ன செய்வது? தாமாக வந்து கொடுத்தவர்களில் இருந்து ஓர் இருபது பேரை இந்த மாதம் கூப்பிடுங்கள். பணம் கேட்க வேண்டாம். “சென்ற ஆண்டு கொடுத்தீர்கள், அதன் பிறகு நாங்கள் ஒழுங்காகத் தகவல் சொல்லவில்லை. எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள அழைத்தோம்” என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். நன்றி அழைப்பு பயன் தரவில்லை என்று மேலே சொன்னீர்களே என்பீர்கள். அது நீங்கள் பேசும் அழைப்பு, இது அவர் பேசும் அழைப்பு. சிலர் வேலை இழந்திருப்பார்கள், சிலர் ரசீதே வரவில்லை என்பார்கள். எதுவானாலும் தாளில் ஏற்றுங்கள்.

கமிஷன் நிறுவனத்துக்கு வருகிறேன். வேண்டாம். நிதி திரட்டும் தொழிலில் இருப்பவர்களின் சர்வதேசச் சங்கமான ஏஎஃப்பியின் நெறிமுறைகளே, வசூலில் சதவீதம் வாங்கிக்கொள்வதை உறுப்பினர்களுக்குத் தடைசெய்கின்றன. காரணம் எளிது: சதவீதத்துக்கு வேலை செய்பவருக்கு இன்றைக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு, அடுத்த ஆண்டு அந்த மனிதர் உங்களோடு இருப்பாரா என்பது அவர் கவலை இல்லை. தான் கொடுத்ததில் ஒரு பங்கு கமிஷனாகப் போனது என்று பின்னால் தெரியவந்தால் கொடையாளர் கோபம் உங்கள் மீதுதான் திரும்பும். ஆள் தேவை என்றால் நிலையான சம்பளத்துக்கோ, செய்த வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசியோ ஒருவரை அமர்த்துங்கள். அப்போதும் கொடையாளர் பட்டியல் மையத்தின் சொத்து, வேலை முடிந்ததும் அவர் பிரதி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.