சாலையைப் போட்டு முடித்த பிறகு, அதை 'இயக்க' ஒரு திட்டம் எதற்கு?

கேள்வி: அமெரிக்க மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறைகள் சாலை கட்டுவதற்கு ஒரு திட்டம் எழுதுவது போதாதென்று, போக்குவரத்தை இயக்குவதற்கும் தனியாக ஒன்று எழுதுகின்றனவாமே. சாலை போட்டாயிற்று, சிக்னல் வைத்தாயிற்று. அதன்பின் திட்டமிட என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்:

சிலந்தி மிச்சம் இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். சொல்கிறேன்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலத்துக்கு இப்படிப்பட்ட திட்டத்தை எழுதிய ஆலோசனைக் குழுவில் நான் இருந்தேன். மாநிலத்தின் பெயர் வேண்டாம். முதல் வாரமே எங்கள் குழுத்தலைவர், "அறிக்கைகளை அப்புறம் படிக்கலாம், முதலில் போய்ப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்துவிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். சுவர் முழுக்கத் திரைகள், எதிரே இரண்டே பேர். இருட்டியதும் திரைகளில் பல வெளுத்துப் போயின. கம்பத்து விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வந்தது கேமராவின் கண்ணாடிக்குக் குறுக்கே வலை பின்னும். எதிரே வரும் வண்டிகளின் முகப்பு விளக்கு அதில் பட்டால் போதும், சாலையே தெரியாது. அங்கே பதினேழு ஆண்டாக வேலை பார்த்துவந்த அம்மாள் ஒருவர், கேமராவைச் சட்சட்டென்று இடமும் வலமுமாக நான்கு முறை திருப்பி உதறினார். வலை அறுந்தது. "கம்பத்தில் ஏறித் துடைக்க ஆள் கேட்டு எழுதி ஏழு மாதம் ஆகிறது. கேமரா வாங்கப் பணம் இருந்தது, துடைக்கத்தான் இல்லை" என்றார்.

கோயிலுக்குக் குடமுழுக்கு என்றால் நன்கொடை தர ஊரே வரிசையில் நிற்கும். மறுநாளிலிருந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார் என்று கேட்டால்தான் ஆளாளுக்குப் பின்வாங்குவார்கள். நெடுஞ்சாலையிலும் இதே கதை. பாலத்துக்கு ரிப்பன் வெட்ட ஆளுநர் வருவார். அந்தப் பாலத்தின் மேல் நின்றுபோன லாரியை இருபது நிமிடம் முன்னதாக அப்புறப்படுத்தியதற்கு யாரும் வரமாட்டார்கள். நடக்காமல் போன நெரிசலைப் படம் எடுக்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கு ஆண்டுதோறும் பணமும் ஆளும் கிடைக்க வழி செய்வதுதான் இயக்கத் திட்டத்தின் முழுமுதல் காரியம் என்பது என் கட்சி. மற்றவர்கள் வேறு சொல்லலாம்.

இந்த வேலை இல்லாமல் முடியாதா என்றால், முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2000-களின் நடுவில் நெரிசலின் காரணங்களைத் தோராயமாகப் பிரித்துக் காட்டியது. இடம் போதாமல் வரும் இடுக்குகளால் 40 சதவீதம், விபத்து, பழுது போன்ற சம்பவங்களால் 25, மோசமான வானிலையால் 15, சாலைப்பணிகளால் 10, சரியாக நேரம் அமைக்காத சிக்னல்களால் 5, திருவிழா, விளையாட்டுப் போட்டி போன்றவற்றால் 5. சாலையை அகலமாக்கி ஒழிக்கக்கூடியது அந்த 40-ஐத்தான். அதையும் முழுதாக ஒழிக்க முடியாது. மிச்சம் 60 ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு திசையில் மூன்று லேன் உள்ள சாலையில் விபத்தால் ஒரு லேன் அடைபட்டால் சாலையின் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சும்? மூன்றில் இரண்டு பங்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பாதிகூட மிஞ்சாது, 49 சதவீதம்தான் என்கிறது பொறியாளர்கள் பயன்படுத்தும் கொள்ளளவுக் கையேடு. வழியை அடைத்த வண்டியை ஓரமாகத் தள்ளிய பிறகும் 83 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கும். வேடிக்கை பார்த்தபடி மெதுவாகப் போகும் நம் போன்றவர்கள் செலுத்தும் வரி அது. எந்த நாட்டிலும் இந்தப் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

இனி, 'திட்டம்' எதற்கு? ஆள் வைத்துச் செய்துவிட்டுப் போகலாமே? பெரும்பாலான மாநிலங்கள் அப்படித்தான் ஆரம்பித்தன. மேரிலாந்தில் 1980-களின் நடுவில், கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தைச் சமாளிக்கத் தொடங்கிய முயற்சிதான் பின்னாளில் மாநிலம் முழுவதற்குமான 'சார்ட்' என்ற போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பாக வளர்ந்தது. ஹானோவரில் அதன் தலைமைக் கட்டுப்பாட்டு மையம் 1995-இல் திறக்கப்பட்டது. ஜார்ஜியாவில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காக 'நேவிகேட்டர்' என்ற அதே மாதிரி அமைப்பு வந்தது. ஒரு கூட்டமோ ஒரு விழாவோ வரும், அதற்குக் கருவி வாங்குவார்கள். விழா முடிந்துவிடும், கருவி நிற்கும். ஒவ்வொரு மாவட்டமும் தன் வசதிக்கு ஒன்று வாங்கும். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் ஒரு மாவட்டத்தின் மின்னணு அறிவிப்புப் பலகையை இன்னொரு மாவட்டத்து மென்பொருளால் இயக்க முடியாது. அதையெல்லாம் ஒரே கணக்குக்குள் கொண்டுவர வேண்டிவரும்போதுதான் திட்டம் எழுத உட்காருகிறார்கள்.

எழுதும் முறைக்கு ஒரு சட்டகம் இருக்கிறது. பணிமுறை, தொழில்நுட்பம், அளவீடு, நிறுவனப் பண்பாடு, அமைப்பும் ஆட்களும், பிறருடன் ஒத்துழைப்பு என்று ஆறு தலைப்புகளில் துறை தனக்குத்தானே 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக்கொள்ளும். எங்கள் மாநிலத்தில் தொழில்நுட்பத்துக்கு 3 போட்டுக்கொண்டார்கள், ஆட்களுக்கு 1. அறிக்கையில் வண்ணப்படம் போட இது உதவியது. வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மினசோட்டாவின் கதை. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களின் விரைவுச்சாலைகளில் ரேம்ப் மீட்டர் உண்டு. விரைவுச்சாலையில் ஏறும் சரிவின் முனையில் ஒரு சிறு சிக்னல் இருக்கும். ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு வண்டியை, சில நொடிக்கு ஒன்றாக, உள்ளே விடும். கூட்டமாக வந்து முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. 1969-இல் சோதனையாகத் தொடங்கி 2000 வாக்கில் ஏறக்குறைய 430 இடங்களுக்குப் பரவியிருந்தது. பொறியாளர்களுக்குப் பெருமை, ஓட்டுநர்களுக்கு எரிச்சல். சரிவில் காத்துக் கிடக்கும் நிமிடங்கள் ஓட்டுநருக்கு நன்றாகத் தெரியும். மேலே ஏறிய பின் மிச்சமாகும் நேரம் அவருக்குத் தெரியவே தெரியாது. எரிச்சல் சட்டமன்றம் வரை போயிற்று. எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள், என்ன ஆகிறதென்று பார்க்கலாம் என்று 2000-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

அக்டோபர் நடுவில் அணைத்தார்கள், டிசம்பர் வரை அப்படியே இருந்தது. விரைவுச்சாலையில் பயண நேரம் 22 சதவீதம் கூடியது. சாலை ஒரு அங்குலம்கூடக் குறுகவில்லை, ஆனால் அது சுமந்த வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் குறைந்தது. பருவகால வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபோதும் விபத்துகள் 26 சதவீதம் அதிகரித்திருந்தன. பொறியாளர்கள் வென்றுவிட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பாதிதான். மீட்டர்கள் திரும்ப வந்தன, பழைய மாதிரி வரவில்லை. சாதாரணச் சரிவில் 4 நிமிடத்துக்கு மேல், ஒரு விரைவுச்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும் சரிவில் 2 நிமிடத்துக்கு மேல் யாரையும் காக்க வைக்கக் கூடாது என்ற வரம்போடு வந்தன. சாலை மொத்தத்துக்கும் எது நல்லது என்பதை மட்டும் கணக்கிட்டுவந்த முறை, காத்திருக்கும் தனி ஆளையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டாக நடத்திய ஒன்றின் பலனை அணைத்துக் காட்டித்தான் நிரூபிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம். ஆண்டுதோறும் அளந்து, ஊருக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தால் இந்தக் கூத்து தேவைப்பட்டிருக்காது. அளவீடு என்ற அத்தியாயத்தை அன்றிலிருந்து நான் அலங்காரமாகப் பார்ப்பதில்லை.

ஒத்துழைப்பு என்ற தலைப்பு காகிதத்தில் சாதுவாகத் தெரியும். திட்டத்துக்காக எல்லாத் துறைகளையும் கூட்டி நாங்கள் நடத்திய பயிலரங்கில் அதற்குத்தான் குரல் உயர்ந்தது. விபத்து நடந்த இடத்தில் தீயணைப்பு வண்டியைக் குறுக்கே நிறுத்தி இரண்டு லேன்களை அடைப்பார்கள். உள்ளே வேலை செய்யும் தங்கள் ஆளை வண்டி அடித்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்கிறார்கள். நெடுஞ்சாலைத் துறைக்கோ ஒரு லேனையாவது திறக்க வேண்டும். "நீங்கள் நெரிசலை எண்ணுகிறீர்கள், நான் என் பையன்களை எண்ணுகிறேன்" என்றார் ஒரு தீயணைப்பு அதிகாரி. அறை அமைதியானது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னால் அடைபட்டு நிற்கும் வரிசையின் வாலில் இன்னொரு வண்டி வந்து மோதுமே, அந்த உயிரை யார் எண்ணுவது என்று கேட்ட நெடுஞ்சாலை ஆளின் பக்கமும் நியாயம் இருந்தது. இதைப் புளோரிடாவில் 2002-இல் நெடுஞ்சாலைத் துறையும் நெடுஞ்சாலைக் காவல் படையும் கையெழுத்திட்டே தீர்த்துக்கொண்டன. முதல் காவலர் வந்து சேர்ந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் சாலையைத் திறப்பது இலக்கு. ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நள்ளிரவில் சாலையில் நின்று வாதாட வேண்டியதில்லை. எங்கள் பயிலரங்கில் எண்ணில் உடன்பாடு வரவில்லை. இரு தரப்பும் சேர்ந்து பயிற்சி எடுப்பது என்ற அளவில் முடிந்தது.

கடைசியாக நாற்காலிக் கணக்கு. கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு நாற்காலியில் இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டுமானால் எத்தனை பேர் வேண்டும்? வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவருக்கு 40 மணி நேரம் என்றால் 4.2 பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்துக்குக் குறையாது. புதிய மையம் கட்டலாம் என்று எளிதாகச் சொல்பவர்கள் ஒரு நாற்காலிக்கு ஐந்து சம்பளம் என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் போன மாநிலத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை அறை பூட்டியே கிடந்தது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் காவல் துறைத் தொலைபேசி மையம்தான் கவனிக்கும், அறிவிப்புப் பலகைகள் இருண்டே இருக்கும்.

இரவில் ஒருவரைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் பூட்டிக் கிடந்த அந்த ஆறு மணி நேரத்துக்கு இரட்டையாகக் கணக்குப் போட்டு, விடுப்பையும் சேர்த்து, மூன்று பேர் கேட்டு எழுதினோம். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஞாயிறு இரவு மட்டும் அறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. புதிய கேமராக்கள் வாங்க நாங்கள் எழுதிய பக்கங்கள் அப்படியே தள்ளிப் போயின. எனக்கு அதில் வருத்தமில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் மட்டும், கேமராக் கண்ணாடிகளை ஆண்டுக்கு மூன்று முறை துடைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த அம்மாளிடம் சொன்னபோது, சிலந்திகளுக்கு மூன்று போதாது, ஆகஸ்டில் ஒன்று கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும் என்றார்.