நகான்ட் ரிவால்வரில் .32 தோட்டா போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். 1895 மாடல் ரஷ்ய நகான்ட் ரிவால்வர் வாங்கினேன். ".32 லாங் தோட்டாவே போதும், விலையும் குறைவு" என்றார் விற்றவர். சுட்டால் உறைகள் வீங்கி வெளியே வர மறுக்கின்றன. ட்ரிகரும் மிகக் கடினம். துப்பாக்கியில் கோளாறா?

பதில்: கோளாறு தோட்டாவில். அதைப் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

மற்ற ரிவால்வர்களில் தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டருக்கும் பேரலுக்கும் (குழலுக்கும்) நடுவே மயிரிழை இடைவெளி உண்டு; வெடிமருந்து வாயு அதன் வழியே கசியும். நகான்ட்டில் ஹாமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) இழுத்ததும் சிலிண்டர் முன்னால் நகர்ந்து பேரலோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே செய்த 7.62x38 ஆர் தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். குண்டின் மூக்கு வெளியே தெரியாது. முழுக்க உறைக்குள் இருக்கும். உறையின் ஒடுங்கிய வாய் பேரலுக்குள் நுழைந்து, சுடும்போது விரிந்து அடைத்துக்கொள்ளும். .32 உறை அவ்வளவு நீளம் இல்லை. நகான்ட்டின் அறையும் அதற்குத் தொளதொள என்று இருக்கும். அதனால்தான் வீக்கம், சில உறைகள் கிழிந்தும் போகும்.

"7.62 தானே" (மில்லிமீட்டரில் குண்டின் விட்டம்) என்று வேறொன்றைத் தள்ளிவிடுவார்கள், அதற்கும் ஏமாறாதீர்கள். டோகரேவ் பிஸ்டலும் 7.62, மோசின் ரைஃபிளும் 7.62. இறக்குமதித் துப்பாக்கியில் காலிபரை, அதாவது இந்த விட்ட எண்ணைப் பொறிக்கச் சொல்லும் சட்டம், அதை வாங்குபவருக்கு விளக்கச் சொல்வதில்லையே! பெட்டியில் 'நகான்ட்' என்ற பெயர் இருக்க வேண்டும். ஃபியோக்கி, பிபியு தயாரிப்புகள் சரி.

ஒரே விலக்கு, .32 தோட்டாவுக்கென்றே செய்த மாற்றுச் சிலிண்டர். "மாட்டினால் போதும்" என்று விற்பார்கள், போதாது. ஏழு அறைகளும் ஒவ்வொன்றாகப் பேரலோடு நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று துப்பாக்கி மெக்கானிக் அளவுக்கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். ஆறு சரியாக நின்று ஒன்று விலகினாலும், அந்த ஒன்றில் குண்டு பேரலின் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும். மாற்றுச் சிலிண்டர் சரியாகப் பொருந்தினாலும் வாயு அடைப்பு கிடைக்காது.

ட்ரிகர் கடினம் இந்த மாடலின் இயல்பு. சிலிண்டரைச் சுழற்றி முன்னால் தள்ளும் வேலையும் அதற்குத்தான். சுமார் 9 கிலோ இழுவை. கட்டைவிரலால் ஹாமரை இழுத்துவிட்டுச் சுடுங்கள். 'வி' வடிவ ஸ்பிரிங்கை ராவ விடாதீர்கள். ஹாமர், ட்ரிகர் இரண்டுக்கும் அது ஒன்றுதான். மெலிந்தால் அடி பலமாக விழாது, தோட்டா வெடிக்காது. ட்ரிகர் வழக்கத்தைவிடவும் இறுகினால், பேரலின் பின்வாயில் கரி படிந்திருக்கும்.

சுத்தம் செய்யும் முன் சிலிண்டரின் பக்கத்தில் தோட்டா போடும் சிறு கதவைத் திறந்து ஏழு அறைகளும் காலி என்று பாருங்கள். எஜெக்டர் கம்பியை (காலி உறைகளைத் தள்ளும் கம்பியை) திருப்பி முன்னால் இழுத்து, பேரல் வளையத்தைச் சுழற்றுங்கள். அச்சுக்கம்பியை உருவினால் சிலிண்டர் வலப்பக்கம் கழன்று வரும். பழைய சோவியத் தோட்டா சுட்டிருந்தால் அன்றே வெந்நீர் விட்டுக் கழுவுங்கள். அதன் பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் பகுதி) விட்டுப்போகும், துருப்பிடிக்க வைக்கும் உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அரை லிட்டர் போதும். பேரல், ஏழு அறைகள், அச்சுத் துளை எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்த பிறகே எண்ணெய். அதுவும் மெல்லிய பூச்சாக.