‘அல்ல’வும் ‘இல்லை’யும் தெரிந்தவர்களுக்குப் போர்த்துகீசியம்

வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர்த்துகீசிய வினைச்சொற்களைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். நான் லிஸ்பனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் முதியவர்களை வீட்டிலேயே தங்கிக் கவனித்துக்கொள்ளும் வேலை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மாலையில் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். சொற்களை லிஸ்பன் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தின் ‘டு பி’ என்ற ஒரே வினைக்குப் போர்த்துகீசியத்தில் ‘சேர்’, ‘ஷ்தார்’ என்று இரண்டு வினைகள். ‘சோ’, ‘எ’, ‘ஸௌ’ முதலியவை ‘சேர்’ வினையின் வடிவங்கள்; ‘ஷ்தோ’, ‘ஷ்தா’ முதலியவை ‘ஷ்தார்’ வினையின் வடிவங்கள்.

கேள்வி: “‘சேர்’ நிரந்தரமானதற்கு, ‘ஷ்தார்’ தற்காலிகமானதற்கு என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் இறந்துபோனவரைச் சொல்லும்போது ‘ஷ்தா மோர்து’ என்று ‘ஷ்தார்’ போடுகிறார்கள். சாவைவிட நிரந்தரமானது எது? எனக்கு விதியே புரியவில்லை.” (வாசகி, லிஸ்பன்)

உங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. விதிதான் அரைகுறை. அது இன்னொரு பக்கமும் உடையும். மணி மூன்று என்பதற்கு ‘ஸௌ த்ரேஷ் ஓரஷ்’ என்று ‘சேர்’ வினையைத்தான் போடுகிறார்கள். ஒரு நிமிடம்கூட நிற்காத நேரத்துக்கு நிரந்தரம் என்ன? ஒரே ஒரு வருடம் படிக்க வந்த மாணவரும் ‘சோ எஷ்துதாந்த்’ என்றே சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் வேறு வழியில் தொடங்குகிறேன். ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தமிழைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஐ ஆம்’ ஒன்றுதான். தமிழில் அப்படி இல்லை. “நான் ஆசிரியை” என்கிறோம், வினையே கிடையாது. “நான் களைப்பாக இருக்கிறேன்” என்கிறோம், ‘இரு’ வந்துவிடுகிறது. “எனக்குப் பசிக்கிறது” என்கிறோம். ‘நான்’ போய் ‘எனக்கு’ வருகிறது. மூன்று வாக்கியம், மூன்று அமைப்பு. போர்த்துகீசியத்திலும் மூன்று வினை: சோ ப்ரொஃபெஸோரா, ஷ்தோ கான்ஸாதா, தேஞ்ஞு ஃபோம். மூன்றும் வரிசையாக வந்து பொருந்துவதை முதன்முதலாகத் தாளில் எழுதிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். “நான் மருத்துவர் அல்ல.” “நான் வீட்டில் இல்லை.” பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுகிறோம், உண்மைதான். ஆனால் நல்ல எழுத்துத் தமிழில் ‘அல்ல’ வரும் இடம் வேறு, ‘இல்லை’ வரும் இடம் வேறு. ஒன்று இன்னது என்பதை மறுத்தால் ‘அல்ல’. அங்கே பெரும்பாலும் ‘சேர்’. ஒருவர் ஓரிடத்திலோ ஒரு நிலையிலோ இருப்பதை மறுத்தால் ‘இல்லை’. அங்கே பெரும்பாலும் ‘ஷ்தார்’. “நௌ சோ மேதிகா”, “நௌ ஷ்தோ எங் காஸா”. பள்ளியில் இலக்கண ஆசிரியர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த வேறுபாடு ஐரோப்பாவின் மேற்குக் கரையில் வந்து உதவுகிறது.

எங்கே இது சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “அவன் உயரமாக இருக்கிறான்” என்று தமிழில் ‘இரு’ போடுகிறோம்; அவர்கள் ‘எ ஆல்து’ என்று ‘சேர்’ போடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் “உயரமானவன்” என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘ஆனவன், ஆனவள்’ இயல்பாக ஒட்டிக்கொண்டால் ‘சேர்’. அதனால்தான் ஒரு பெண்ணைப் பார்த்து ‘எ புனீதா’ என்றால் அழகானவள். ‘ஷ்தா புனீதா’ என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாள். சூப்பைக் குடித்துவிட்டு ‘ஷ்தா போவா’ என்று சொன்னால் சமைத்தவர் முகம் மலரும், இன்றைய சூப் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். ‘மோர்து’வுக்கும் இதே விளக்கம்தான். இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று அது சொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்து, அதன் பின் அவன் எந்த நிலையில் கிடக்கிறான் என்று சொல்கிறது.

சொற்பிறப்பும் உதவும். ‘ஷ்தார்’ லத்தீனில் நிற்பதைக் குறித்த ‘ஸ்தாரே’யிலிருந்து வந்தது. ‘சேர்’ என்ற வடிவம் உட்கார்வதைக் குறித்த ‘ஸெதேரே’யிலிருந்து வந்தது; ‘சோ’, ‘எ’ முதலியவை ‘எஸ்ஸே’ என்ற வேறொரு பழைய வினையின் வடிவங்கள். நிற்பவர் நகரலாம். உட்கார்ந்தவர் அமர்ந்துவிட்டார்.

இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் கவனித்துக்கொண்ட ஒரு பாட்டி. 87 வயது. அம்மா இறந்த செய்தி வந்த வாரம், என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மொழியில் “சோ த்ரீஷ்த்” என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நௌ, ஃபீல்யா. து நௌ எஷ் த்ரீஷ்த். ஷ்தாஷ் த்ரீஷ்த்” என்றார். இல்லை மகளே, நீ சோகமானவள் அல்ல, சோகமாக இருக்கிறாய். இலக்கணம் திருத்துவதாக அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

கேள்வி: “பசி, தாகம், தூக்கம், வயது எல்லாவற்றையும் ஏன் ‘வைத்திருக்கிறேன்’ என்கிறார்கள்? மனப்பாடம் செய்ய ஏதாவது வழி உண்டா?” (வாசகர், போர்ட்டோ)

மனப்பாடமே வேண்டாம். ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களை எழுதுங்கள். எனக்குப் பசி: தேஞ்ஞு ஃபோம். எனக்குத் தாகம்: தேஞ்ஞு ஸேத். தூக்கம் வருகிறது: தேஞ்ஞு ஸோனு. பயம்: தேஞ்ஞு மேது. அவசரம்: தேஞ்ஞு ப்ரெஸ்ஸா. எனக்கு 40 வயது: தேஞ்ஞு 40 ஆனுஷ். இரண்டு பிள்ளைகள் என்றாலும், நேரமில்லை என்றாலும் அதே ‘தேர்’ (வைத்திருத்தல்) வினைதான்; ‘தேஞ்ஞு’ அதன் ‘நான்’ வடிவம். இதில் வரும் ‘ஞ்ஞு’ ஒலி நம்முடைய ‘ஞ’வேதான், மற்ற நாட்டு மாணவர்கள் திணறும் இடத்தில் நமக்கு எழுத்தே இருக்கிறது.

தலைவலி இன்னும் நெருக்கம். ‘தோய்-ம அ கபேஸா’ என்றால் சொல்லுக்குச் சொல் “எனக்குத் தலை வலிக்கிறது”. அந்த ‘ம’ நம் ‘எனக்கு’.

குளிரில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே குளிர்காலத்தில் பழைய வீடுகளுக்குள் குளிர் எலும்பில் ஏறும். அந்தச் சொல் தினமும் தேவைப்படும். ‘தேஞ்ஞு ஃப்ரீயு’ என்றால் எனக்குக் குளிர்கிறது. ‘ஷ்தா ஃப்ரீயு’ என்றால் வெளியே குளிராக இருக்கிறது. ‘சோ ஃப்ரீயு’ என்று ஓர் ஆண் சொன்னால், நான் ஈரமில்லாத மனிதன் என்று பொருள்.

இந்த ‘எனக்கு’ வழி சில இடங்களில் கைவிடும். உதாரணத்துக்கு இரண்டு. எனக்குப் பிடிக்கும் என்பதற்கு ‘கோஷ்து’, எனக்குத் தெரியும் என்பதற்கு ‘ஸே’. இரண்டிலும் ‘நான்’தான் எழுவாய். இப்படிப்பட்டவற்றைத் தனியாக நினைவில் வையுங்கள்.

கேள்வி: “போனை எடுத்ததும் ‘ஷ்தோ?’ என்கிறார்களே, ‘இருக்கிறேனா?’ என்று கேட்கிறார்களா?” (வாசகி, கொயிம்ப்ரா)

இணைப்பில் இருக்கிறேன், சொல்லுங்கள் என்கிறார்கள். ‘ஷ்தோ ஸிங்’ என்றும் கேட்பீர்கள். பிரேசிலில் ‘அலோ’ என்பார்கள்.

கேள்வி: “பாடப்புத்தகத்தில் ‘ஃபிக்கார்’ என்றால் தங்குதல் என்று இருக்கிறது. கடையில், பேருந்தில், வேலையிடத்தில் எங்கே பார்த்தாலும் வேறு வேறு பொருளில் வருகிறது.” (வாசகர், லிஸ்பன்)

இந்த வினையை நான் மிகவும் நேசிக்கிறேன். ‘சேர்’, ‘ஷ்தார்’ இரண்டும் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது: ஒரு நிலைக்குள் போய் விழுவதை. தமிழில் ‘ஆகிவிட்டது’, ‘போய்விட்டேன்’ என்று துணைவினை வைத்துச் சொல்வோமே, அந்த இடம். பயந்துபோனேன்: ‘ஃபிக்கே காங் மேது’. சந்தோஷமாகிவிட்டது: ‘ஃபிக்கே கொந்தேந்த்’. நேற்று உங்களைக் கோபப்படுத்திய விஷயத்தைச் சொல்ல ‘ஃபிக்கே’யில் தொடங்குங்கள், அது உங்கள் சுபாவத்தைப் பற்றிய பேச்சாக மாறாது.

இடத்துக்கும் இதுதான். நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்க ‘ஓந்த் ஃபீக்கா அ ஷ்தஸௌ?’ என்பார்கள். கட்டடமும் ஊரும் நகராது, அதனால் அங்கே பெரும்பாலும் ‘ஷ்தார்’ வராது; ‘ஃபிக்கார்’ அல்லது ‘சேர்’. கடையில் இரண்டு சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றைக் கையில் எடுத்து ‘ஃபீக்கு காங் எஷ்தா’ என்றால், இதை எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது உடம்பு சம்பந்தப்பட்டது. ‘அந்தார்’ என்றால் நடத்தல். ஆனால் ‘ஆந்து கான்ஸாதா’ என்றால் சில நாளாகவே களைப்பாக இருக்கிறேன் என்று பொருள். சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் ‘ஷ்தோ கான்ஸாதா’ என்று மட்டும் சொன்னால், இன்றைக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவர் நினைக்கலாம். ‘ஆந்து’ என்றால் எத்தனை வாரமாக என்று கேட்பார். என்னோடு வேலை செய்த ஒரு பெண் மாதக்கணக்கில் ‘ஷ்தோ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடப் போய் ‘ஆந்தா கான்ஸாதா’ என்று சொன்ன அன்றுதான் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். கடுமையான இரத்தசோகை. மருத்துவர்மேல் குற்றமில்லை, அவர் காதில் விழுந்த வினை அது. தயவுசெய்து இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: “என்னோடு வேலை செய்யும் பிரேசில் நண்பர் ‘தேஞ்ஞு ஃபோம்’ என்று சொல்வதே இல்லை. ‘தோ கோங் ஃபோமி’ என்கிறார். எது சரி?” (வாசகர், ஸேதூபல்)

இரண்டும் சரி. அவர் சொல்வது ‘பசியோடு இருக்கிறேன்’. ‘ஷ்தோ’ பேச்சில் ‘தோ’வாகச் சுருங்கிவிட்டது. போர்ச்சுகலிலும் ‘ஷ்தோ காங் ஃபோம்’ என்பவர்கள் நிறைய. “வேலை செய்துகொண்டிருக்கிறேன்” என்பதிலும் வேறுபாடு உண்டு: இங்கே ‘ஷ்தோ அ த்ரபல்யார்’, அங்கே ‘தோ த்ரபல்யாந்து’. உங்களுக்கு யாரோடு அதிகம் பேச்சோ அவர்கள் வழியில் பேசுங்கள்.

கேள்வி: “ஜன்னலும் சாவியும் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை என்கிறார்கள். வினைச்சொற்களும் வந்தனவா?” (வாசகி, பிராகா)

ழனேலா, ஷாவ், அர்மாரியு, துவால்யா: இவை நம் ஜன்னல், சாவி, அலமாரி, துவாலை. பொருள்களோடு பெயர்கள் வந்தன. நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நமக்கு வேண்டிய வினைகள் ஏற்கெனவே இருந்தன. இங்கே லிஸ்பனில் 1554-இல் தமிழை ரோமன் எழுத்தில் போட்டுப் போர்த்துகீசியத்தோடு ஒரு ஜெப நூலை அச்சிட்டிருக்கிறார்கள். நீங்கள் இப்போது நோட்டில் செய்வதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: “குடியுரிமைக்காக சிப்லெ தேர்வு எழுதப் போகிறேன். வாய்மொழித் தேர்வில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வது?” (வாசகர், அமதோரா)

சிப்லெ என்பது ஏ2 நிலை, அதாவது அடிப்படை நிலைப் போர்த்துகீசிய மொழித் தேர்வு. பெரிய வாக்கியம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெயருக்கு ‘ஷாமு-ம’. நாடும் தொழிலும் ‘சோ’. வயதும் குடும்பமும் ‘தேஞ்ஞு’. வசிக்கும் ஊருக்குப் பொதுவாக ‘மோரு எங்’; உங்கள் ஊருக்கு மட்டும் ‘மோரு நா அமதோரா’. தமிழில் “அமதோராவில் இருக்கிறேன்” என்று சொல்லிப் பழகிய வாய், ‘ஷ்தோ’ என்று வந்துவிடும். அது இந்த நேரம் அங்கே நிற்பதாகப் பொருள்படும். தொழிலுக்கு முன் ‘ஒரு’ போடாதீர்கள். ‘சோ கொஸிஞ்ஞெய்ரு’, சமையல்காரர், அவ்வளவுதான், தமிழைப் போலவே.

ஒரு விஷயம் மட்டும் கடிதத்திலேயே கவனித்தேன். நீங்கள் ‘ஷ்தோ கான்ஸாதா’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மனைவியிடமிருந்து கேட்டுப் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆண் சொன்னால் ‘கான்ஸாது’. நன்றி சொல்லும்போதும் அப்படித்தான்: நீங்கள் ‘ஒப்ரிகாது’, அவர் ‘ஒப்ரிகாதா’. தேர்வுக்கு முதல் நாள் இருவரும் மாறி மாறிச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.