டேங்க் டிரான்ஸ்மிட்டர் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது? கேள்விகளும் பதில்களும்

ஸ்கூபா டைவ் போகும்போது சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதை ஹோஸ் இல்லாமல் நேராகக் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் பேட்டரி பற்றித்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அண்ணா, புதுச்சேரியில் டைவ் பண்றேன். சிஆர்2 பேட்டரி போடும் டிரான்ஸ்மிட்டர். நண்பருக்கு ஒரு பேட்டரி வருஷம் தாண்டி ஓடுது, எனக்கு சில மாதத்திலேயே லோ காட்டுது. பீஸ் பழுதா?

பீஸ் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை தம்பி. படகுக்கு ஏறியதும் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கருவிக்குத் தண்ணீரில் இருக்கிறோமா, வெயிலில் கிடக்கிறோமா என்பதெல்லாம் தெரியாது. சிலிண்டரில் மாட்டி மூச்சு விடும் ரெகுலேட்டருக்குள் அழுத்தம் ஏறினால் விழித்துக்கொள்ளும், அழுத்தம் போனால் சில நிமிடங்களில் தூங்கிவிடும், அவ்வளவுதான் அதன் கணக்கு. வால்வை மூடிவிட்டு, மிச்சக் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பட்டனை அழுத்தாமல் விட்டால் ஹோஸுக்குள் அடைபட்ட காற்று அப்படியே நிற்கும், அது நிற்கிற வரை டிரான்ஸ்மிட்டர் சுமார் ஐந்து நொடிக்கு ஒருமுறை சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு டைவுக்கு நடுவே ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ரெகுலேட்டரை அடுத்த சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறந்து வைத்தபடி படகு போகிற நேரம் என்று கூட்டினால், நீருக்குள் செலவானதைவிட மேலே வீணானது அதிகமாக இருக்கும். தயாரிப்பாளர்கள் பேட்டரி ஆயுளை டைவ் மணிக்கணக்கில் சொல்வதால் இது நம் கண்ணில் படுவதே இல்லை.

வால்வை மூடு, பர்ஜ் பண்ணு, கம்ப்யூட்டரில் எண் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார். இதைப் பழக்கமாக்கிக்கொண்டு அடுத்த பேட்டரி எவ்வளவு நாள் வருகிறது என்று பாருங்கள்.

ரீசார்ஜ் பண்ணக்கூடிய பேட்டரி போட்டால் செலவு மிச்சம்தானே?

வேண்டாம். சிஆர்123ஏ, சிஆர்2 இரண்டுமே 3 வோல்ட் லித்தியம் பேட்டரிகள். அதே அளவில் கிடைக்கும் ரீசார்ஜ் வகையில் பல, முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு நல்ல பேட்டரி சில நூறு ரூபாய், டிரான்ஸ்மிட்டர் விலை பல ஆயிரம். பெயர் தெரியாத மலிவு பேட்டரியையும் தவிர்த்துவிடுங்கள்.

லோ பேட்டரி எச்சரிக்கை வந்த பிறகு எத்தனை டைவ் தாங்கும்?

அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்று, முடிவில் சட்டென்று சரியும். எச்சரிக்கை வருகிறது என்றாலே அந்தச் சரிவு தொடங்கிவிட்டது. குளிர்ந்த நீரில் இன்னும் சீக்கிரம் விழும். மாலத்தீவு மாதிரி ஒரு வாரப் பயணம் போகிறவர்கள், பழையதில் உயிர் இருந்தாலும் புதியதைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பேட்டரியை நானே மாற்றலாமா, சர்வீஸில் கொடுக்கணுமா?

இப்போது வருகிற பல மாடல்களில் நாமே மாற்றலாம், மாடலின் கையேட்டில் போட்டிருக்கும். சிக்கல் எல்லாம் தண்ணீர் புகாமல் தடுக்கும் மூடியின் ரப்பர் வளையத்தில், அதாவது ஓ-ரிங்கில்தான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜை, அதாவது ரெகுலேட்டரில் சிலிண்டர் வால்வோடு சேரும் பகுதியை, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு, படகில் இல்லாமல் வீட்டில் மேசை மேல் வைத்துத் திறங்கள். ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாமல் இரண்டு விரலால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் அந்த வழியே கடல்நீர் உள்ளே போகும். சிலிகான் கிரீஸ் மினுமினுப்பு தெரிகிற அளவுக்குப் பூசினால் போதும். அப்பிவைத்தால் மணலைத்தான் பிடித்து வைக்கும். ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருந்தால் ஏற்கெனவே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அதோடு டைவ் போகாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

போனில் புளூடூத் பத்து மீட்டர் எடுக்குது. இது ஏன் கை தூரத்தில் இருந்தும் அடிக்கடி சிக்னல் விடுது?

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, உப்புத் தண்ணீர் அதைச் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடும். அதனால் ரேடியோ வகை டிரான்ஸ்மிட்டர்கள் பலவும் 38 கிலோஹெர்ட்ஸ் பக்கம், மிகக் குறைந்த அலைவரிசையில் பேசுகின்றன. எட்டும் தூரம் சுமார் ஒரு மீட்டர். கம்ப்யூட்டர் இடது கையில் என்றால் டிரான்ஸ்மிட்டரும் ரெகுலேட்டரின் இடது பக்க ஹெச்பி போர்ட்டில் (உயர் அழுத்தத் துளையில்) இருப்பது நல்லது. கேமரா ஸ்ட்ரோப் (ஃபிளாஷ்) சார்ஜ் ஏறும் நேரம், நீருக்கடியில் இழுத்துப்போகும் ஸ்கூட்டரின் மோட்டார் ஓடும் நேரம் சிக்னல் தடுமாறுவது சகஜம், சில நொடியில் திரும்பி வரும்.

கார்மின் 2020-ல் கொண்டுவந்த டிசென்ட் டி1 டிரான்ஸ்மிட்டர் வேறு வழியில் போனது. அது ஒலி அலையில், அதாவது சோனாரில் அனுப்புகிறது, 10 மீட்டர் வரை எட்டும். அதனால் உங்களோடு டைவ் வரும் துணையின் சிலிண்டர் அழுத்தத்தையும் உங்கள் வாட்சில் பார்க்கலாம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கும் பயிற்சியாளர்களுக்கு இது பெரிய உதவி என்பேன். தனக்கு மட்டும் பார்த்துக்கொள்பவருக்கு ரேடியோ வகையே போதும். எதை வாங்கினாலும் உங்கள் கம்ப்யூட்டரோடு பேசுமா என்று முதலில் பாருங்கள். சோனார் கருவியும் ரேடியோ கருவியும் ஒன்றோடொன்று பேசாது.

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன் அண்ணை. இங்கே மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்கும்போது, கூடுதலாகக் கொண்டுபோகும் ஸ்டேஜ் சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டு டிரான்ஸ்மிட்டர் போட யோசனை. ஒன்றின் சிக்னல் மற்றதைக் குழப்பாதா?

நல்ல கேள்வி தம்பி, 50 மீட்டரைத் தாண்டிய இடத்தில் குழப்பம் வரவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதால் அடுத்தவர் சிலிண்டரின் அளவு உங்கள் திரையில் வராது. ஆனால் இரண்டும் ஒரே நொடியில் அனுப்பினால் இரண்டுமே கேட்காமல் போகலாம். முன்பு டைவ் கம்ப்யூட்டர் நிறுவனமான ஷியர்வாட்டர் விற்ற டிரான்ஸ்மிட்டர்களில் சாம்பல் நிறத்துக்கும் மஞ்சள் நிறத்துக்கும் அனுப்பும் இடைவெளியையே சற்று வேறாக வைத்திருந்தார்கள். அதே நிறத்தில் இரண்டு வாங்கினால்தான் சிக்கல். அப்புறம் அவர்களிடமிருந்து வந்த ஸ்விஃப்ட் டிரான்ஸ்மிட்டர், பக்கத்தில் வேறு ஏதாவது அனுப்புகிறதா என்று கேட்டுவிட்டுத் தன் நேரத்தைத் தள்ளிக்கொள்கிறது. நீங்கள் போகிற ஆழத்துக்கு அதைத்தான் சொல்வேன். எந்த எண் எந்த சிலிண்டர் என்று கரையிலேயே ஒவ்வொரு வால்வாகத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஹோஸில் அழுத்தம் காட்டும் பழைய ஊசி கேஜைக் கழற்றிவிடலாமா?

நான் கழற்றச் சொல்ல மாட்டேன். எப்படி இருந்தாலும் இறங்குவதற்கு முன் செய்யும் சோதனையில் ஒரு வித்தியாசம் உண்டு, இது எல்லாருக்கும் தெரிய வேண்டும். வால்வு பாதி மட்டும் திறந்திருந்தால், நீங்கள் மூச்சு இழுக்கும்போதே ஊசி கீழே ஆடி மேலே வரும். டிரான்ஸ்மிட்டர் ஐந்து நொடிக்கு ஒரு தடவைதான் சொல்கிறது, அந்த ஆட்டம் நடுவில் நடந்து முடிந்தால் திரையில் 200 பார் (அழுத்தத்தின் அளவு) என்று ஜம்மென்று நிற்கும். திரையை மட்டும் பார்க்கிறவர் இரண்டு மூச்சோடு நிறுத்தாமல், அரை நிமிடமாவது ரெகுலேட்டரில் ஆழமாக மூச்சு விட்டபடி எண்ணைக் கவனியுங்கள். வால்வையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

இறங்கிய சில நிமிடத்தில் 14 பார் குறைஞ்சிடுச்சு. லீக்கா?

குமிழி எதுவும் இல்லையென்றால் வெப்பம்தான் காரணமாக இருக்கும். வெயிலில் 50 டிகிரிக்குக் காய்ந்த சிலிண்டர் 200 பார் காட்டினால், 28 டிகிரி நீரில் குளிர்ந்ததும் கிட்டத்தட்ட 186 தான் காட்டும். காற்று எங்கும் போகவில்லை. முதல் சில நிமிட மூச்சுக் கணக்கு (நிமிடத்துக்கு எவ்வளவு காற்று இழுக்கிறோம் என்பது) ஏடாகூடமாக வருவதற்கும் இதுவே ஒரு காரணம்.

திரையில் 'இன்னும் 23 நிமிடம்' என்று காட்டுவதை நம்பலாமா?

எதை வைத்துச் சொல்கிறது என்று தெரிந்தால் நம்பலாம். ஷியர்வாட்டரில் கடைசி இரண்டு நிமிட மூச்சின் சராசரியை எடுத்து, இதே ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்துவிட்டு நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறினால் நீங்கள் குறித்து வைத்த ரிசர்வ் மிஞ்சும் என்று கணக்கிடுகிறது. மேலே வரும் வழியில் சற்று நின்று வரும் சேஃப்டி ஸ்டாப்பை அது சேர்ப்பதில்லை. நீரோட்டத்தை எதிர்த்து நீந்த ஆரம்பித்தால் அந்த 23 சில நிமிடத்தில் 12 ஆகும்.

எனக்கு அதைவிடப் பயன்படுவது டைவ் முடிந்தபின் கிடைக்கும் மூச்சுக் கணக்கு. 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில், 18 மீட்டரில், 10 நிமிடத்தில் 40 பார் போனது என்று வையுங்கள். 444 லிட்டர், நிமிடத்துக்கு 44.4, அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 2.8 மடங்கு என்பதால் அதை 2.8-ஆல் வகுத்தால் மேற்பரப்புக் கணக்கில் சுமார் 16 லிட்டர். இந்த எண் உங்களுக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் அடுத்த டைவுக்கு எந்த சிலிண்டர் போதும் என்று முடிவு செய்ய முடியும்.

விமானத்தில் எதில் வைப்பது?

உதிரி லித்தியம் பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். டிரான்ஸ்மிட்டரையும் ரெகுலேட்டரோடு கைப்பையிலேயே வையுங்கள். அடிபட்டால் உடைவது அதுதான். படகில் உதவிக்கு வரும் பையன்களிடம், சிலிண்டரைத் தூக்க அதைப் பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றும்போதும் பிளாஸ்டிக் உடம்பைத் திருகாமல் அடியில் இருக்கும் உலோக நட்டில் ஸ்பானர் போடுங்கள்.