வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சமூக அறிவியல் ஆய்வுகளால் சுற்றுச்சூழலுக்கும் பொருளாதாரக் கொள்கைக்கும் உண்மையில் பயன் உண்டா?

தண்ணீரைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது, திட்டம் போட அரசு இருக்கிறது, நடுவில் இந்த 'சர்வே' எதற்கு என்பதுதான் உங்கள் கேள்வி. என் பதில்: நிச்சயம் பயன் உண்டு. பொதுவாகப் பேசாமல் எனக்குத் தெரிந்த ஒரு ஆற்றை வைத்தே சொல்கிறேன். பொருளியல் படித்து முடித்த கையோடு, 2000களின் நடுவில், நொய்யலின் கீழ்ப்பகுதிக் கிராமங்களில் கேள்வித்தாளோடு சுற்றியவன் நான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு நொய்யல். அதன் கரையில் இருந்த திருப்பூர் 1980களில் உள்ளூர் பனியன் சந்தையிலிருந்து ஏற்றுமதிக்கு மாறியது. ஆண்டுக்குச் சில பத்துக் கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2000களின் நடுவில் பத்தாயிரம் கோடியைத் தொட்டது. அந்நியச் செலாவணி, லட்சக்கணக்கானோருக்கு வேலை என்று எந்தப் பொருளாதார அறிக்கையைப் புரட்டினாலும் அது வெற்றிக் கதைதான். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஏறாத ஒரு செலவு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற நிறைய உப்பு வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ளுவதுதான் உப்பின் வேலை. துணியில் அது தங்காது, போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். 1990களின் இறுதியில், பல சாயப்பட்டறைகளின் கழிவுநீரை ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது, அவற்றின் அன்றைய தொழில்நுட்பம் நிறத்தைக் குறைத்தது, உப்பைத் தொடவில்லை. மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தண்ணீர் தேறிவிட்டது. கீழே பாசனம் செய்கிறவருடைய பயிர் முன்போலவே கருகியது. இதை முதலில் சொன்னவர்கள் விவசாயிகள். சோப்பு நுரைக்கவில்லை, வரப்பில் வெள்ளை பூக்கிறது, தேங்காய் சிறுத்துப்போகிறது என்று அவர்கள் பல வருடம் சொன்ன பிறகுதான் 'கரைந்த உப்பு' அளவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மக்களிடம் கேட்பதால் என்ன பயன் என்பதற்கு இதுவே ஒரு பதில்.

அடுத்தது ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலைக்கு அருகே, பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறக்கப்பட்டது. சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தேங்கிய நீர் நிலத்தடியில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. அணைக்காகக் காத்திருந்த அதே ஆயக்கட்டு விவசாயிகள், அதில் தண்ணீரைத் தேக்கவே கூடாது என்று வழக்காடும் நிலை வந்தது. பாசனக் கொள்கை ஒரு துறையிலும் தொழிற்கொள்கை இன்னொரு துறையிலும் தனித்தனியாக வகுக்கப்பட்டதன் விளைவு இது. எந்தத் துறையின் கோப்பிலும் இந்த முழுப்படம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் வாயில்தான் இருந்தது.

இனி நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். கிணற்றின் ஆழம், போர் போட்ட வருடம், போன போகம் என்ன பயிர், எத்தனை மாடு, குடிதண்ணீர் எங்கிருந்து, யார் எடுத்து வருகிறார்கள் என்று கேள்வித்தாள் நீண்டுகொண்டே போகும். உட்கார்ந்து எழுதும்போது சலிப்பாக இருக்கும். பதில்களை வரிசையாக அடுக்கினால்தான் விஷயம் புரியும்.

ஆற்றுநீர் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாலும் பாதிப்பு ஒன்றாக இல்லை. பத்து ஏக்கர் வைத்திருந்தவர் ஆற்றை விட்டுத் தள்ளி இன்னும் ஆழமாகப் போர் போட்டார், நல்ல தண்ணீர் கிடைத்தால் டேங்கருக்கு விற்றார், மகனைத் திருப்பூருக்கு அனுப்பினார். சாயப்பட்டறைகளுக்கு அன்று பெருமளவு தண்ணீர் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கரில்தான் போனது. அதாவது ஒரு ஊரின் நல்ல தண்ணீர் விலைக்குப் போய், இன்னொரு ஊருக்குக் கழிவாக வந்தது. ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. மஞ்சளை விட்டார், நெல்லை விட்டார், கடைசியில் மழையை நம்பிச் சோளம் விதைத்தார், அல்லது நிலத்தைச் சும்மா போட்டார்.

அவருக்கும் கீழே ஒருவர் இருந்தார். ஒரு ஊரில் வயதான அம்மா ஒருவரிடம் நிலம் எவ்வளவு என்று கேட்டேன். "எனக்கு ஏது சாமி நெலம்? மஞ்சக் காட்டுக்கு வேலைக்குப் போவமுங்க. மஞ்சளே இல்லாதப்ப எங்க போறது?" என்றார். அவர் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் குடம் இருந்தது. ஒன்று லாரித் தண்ணீர், குடிக்க. இன்னொன்று பொதுக்கிணற்று உப்புத்தண்ணீர், பாத்திரம் கழுவ. பக்கத்துத் தோட்டத்தில் புல் இல்லாததால் எருமையை விற்றாயிற்று. நிலம் பற்றிய கேள்விகள் எதற்கும் அவரிடம் பதில் கிடையாது. அந்தப் பக்கங்கள் வெற்றாகவே போயின. ஆனால் ஆற்றால் அவர் இழந்தது கூலி, பால், குடிநீர் மூன்றும்.

இது ஏன் முக்கியம்? வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் பின்னர் நொய்யலுக்கும் பாதிப்பைக் கணக்கிட்டது. 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று வந்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி ஒன்பதாயிரம்கூட வராது. கணக்கின் அடிப்படை நிலம். பட்டா இருந்தால் பட்டியலில் பெயர் வரும். மஞ்சள் காட்டுக் கூலிக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நீதிமன்றக் கொள்கை சரிதான். 'பாதிக்கப்பட்டவர்' யார் என்ற வரையறைதான் குறுகலாக இருந்தது. அந்தக் குறையை உப்பின் அளவைச் சொல்லும் ஆய்வக அறிக்கை எப்படிக் காட்டும்? அது வீட்டுக்கணக்கில்தான் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதைத் தொழிலதிபர், விவசாயி என்ற இரு கட்சிச் சண்டையாகப் பார்க்கிறவர்கள் அதிகம். திருப்பூரின் சிறு முதலாளிகளில் பெரும்பாலானோர் சுற்றுக் கிராமங்களின் கவுண்டர் விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து படிப்படியாக முன்னேறியவர்கள் என்பதை ஷரத் சாரி போன்ற ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். நாங்கள் போன ஊர்களிலும் அண்ணன் தோட்டம் பாழாகிக் கிடக்கும், தம்பி திருப்பூரில் பட்டறையில் பங்குதாரராக இருப்பார். இது தெரிந்தால்தான் ஊருக்குள் எதிர்ப்பு ஏன் அவ்வளவு தயங்கித் தயங்கி எழுந்தது என்பது புரியும்.

இனி நீதிமன்றம் செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சாயப்பட்டறைகள் மீது கடுமையான உத்தரவு போட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைகளின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. அந்த உத்தரவு தேவைப்பட்டது, தாமதமாக வந்தது என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய சவ்வு வழியே தண்ணீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் சவ்வூடு வடிகட்டல், மிச்சத்தைக் காய்ச்சும் ஆவியாக்கல் என்று போய் இன்று தண்ணீரின் பெரும்பகுதி மறுபடி பட்டறைக்கே திரும்புகிறது. அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் யாராவது கேட்டு எழுத வேண்டும். முதலீடு செய்ய முடிந்த பட்டறை தப்பியது, முடியாத சின்னப் பட்டறை மூடியது. சாயமிடும் வேலையில் ஒரு பகுதி கண்காணிப்பு தளர்வான ஊர்களுக்கு நகர்ந்தது. அங்கேயும் ஆறுகள் உண்டு, கிணறுகள் உண்டு. சட்டை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் சுத்திகரிப்புச் செலவுக்கென்று விலையை ஏற்றித் தருவதில்லை என்பதுதான் திருப்பூரில் எல்லாரும் சொல்லும் குறை. அப்படியென்றால் அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது? பட்டறைக்காரர் லாபத்திலா, தொழிலாளியின் கூலியிலா, ஓவர்டைமிலா? இது சுற்றுச்சூழல் கேள்வியும்தான், தொழிலாளர் கேள்வியும்தான். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இதற்கு விடை கிடைக்காது.

நீங்கள் இந்தத் துறையில் படிக்க நினைத்துக் கேட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒரு ஆய்வறிக்கை கையில் வந்ததும் முடிவுரைக்குப் போகாதீர்கள். யாரிடம் கேட்டார்கள், மாதிரியை எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். நில உரிமையாளர் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால் கூலிக்காரர் அதில் இருக்க மாட்டார். வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால், இன்று திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இருக்க மாட்டார்கள். அவர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, குடம் என்ன விலை என்று கேட்டு ஒரு நல்ல ஆய்வு செய்யலாம். செய்வதென்றால் இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாட்களில் ஆள் இருக்காது.